போர்க் கல்லறைத் தேடலும் ஆச்சியின் புளியும்

போரில் இறந்த படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் வடஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவரைத் தேடத்தான் உள்ளே நுழைந்தேன். தாத்தா ஊர் திரும்பினார். அவருடைய அண்ணன் சுடலைமுத்து திரும்பவில்லை.

திரும்பாதவர்களைத் தேட இது அருமையான இடம். ஆனால் பெயரைத் தட்டியதும் ஆள் வந்து நிற்பார் என்று நினைத்துவிடாதீர்கள். சுடலைமுத்துவைப் பட்டாளத்துக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எப்படி எழுதி வைத்தாரோ, அவருக்கே வெளிச்சம். எனவே பெயரை விட்டுவிட்டு, கூடுதல் தகவலுக்கான கட்டத்தில் ஊரைப் போட்டுத் தேடுங்கள். அதையும், திருநெல்வேலி என்றால் 'டின்னவேலி' (Tinnevelly) என்பதுபோல, வெள்ளைக்காரர் காலத்து எழுத்துக்கூட்டலில் போட வேண்டும். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர் என்ற விவரம் இருக்கிறது. தகப்பனார் பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எகிப்திலுள்ள எல் அலமைன் போர்க் கல்லறைகளில் பெயர் இல்லையென்றால் கைவிட வேண்டாம். எகிப்திலும் லிபியாவிலும் தகனம் செய்யப்பட்ட 600க்கும் மேற்பட்டோருக்கு அங்கே தனி நினைவிடம் உண்டு. இந்துக் குடும்பத்தார் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

உயிரோடு வந்தவருக்கு இந்தத் தளம் உதவாது. இறந்தவர்களுக்கான பட்டியல் அது. தாத்தா விஷயத்தில் கைகொடுத்தது டிரங்குப் பெட்டியில் கிடந்த 'ஆப்பிரிக்கா ஸ்டார்' பதக்கம். மணல் நிற நாடா, நடுவே சிவப்புப் பட்டை, ஒருபுறம் கருநீலம், மறுபுறம் வெளிர்நீலம் என மெல்லிய கோடுகள். பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த இதே பதக்கத்தை இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்துக் கொடுத்தார்கள். ஆச்சி வருஷா வருஷம் பொங்கலுக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் துலக்கியதில் எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று படிக்க முடிகிறது. அது பட்டாளத்தின் பொறியாளர் படை.

பிரிவு தெரிந்தால் வழி திறக்கும். அந்தப் படையின் 12ஆம் ஃபீல்டு கம்பெனி, 4ஆவது இந்திய டிவிஷனோடு பாலைவனத்தில் இருந்தது. கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்துப் பாதை போடுவது சாப்பர்களின் வேலைகளில் ஒன்று. அடுத்த கட்டமாக லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் நாட்குறிப்புகளைத் தேடலாம். அவற்றில் அதிகாரிகள் பெயர்தான் அதிகம். சிப்பாய் பெயர் வருவது அபூர்வம். கம்பெனி எந்தத் தேதியில் எங்கே நின்றது என்பது கிடைக்கும். நகலெடுக்கப் பணம் கேட்பார்கள். பிரிவின் எண் உறுதியாகாமல் கட்டிவிடாதீர்கள்.