கதரா, கைத்தறியா?

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் நிறைய. இல்லை. இரண்டையும் நெய்வது கைதான். வேறுபாடு நூலில் இருக்கிறது. கைத்தறிக்கு ஆலை நூல் போதும். கதருக்கு நூலையும் கையால் நூற்றிருக்க வேண்டும்.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் கதரின் அரசியலே இந்த வேறுபாட்டில்தான் இருந்தது. காந்தியின் ஆசிரமத்தில் முதலில் தறிதான் போட்டார்கள். ஆனால் நூலுக்கு ஆலைகளிடம் கையேந்த வேண்டியிருந்தது. கங்காபென் மஜும்தார் என்ற பெண்மணி பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், பரணில் தூசி படிந்து கிடந்த ராட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே விடிவு வந்தது. தறிக்கு இடமும் முதலும் பழக்கமும் வேண்டும். ராட்டை அப்படியில்லை, திண்ணை போதும்.

விலையில் கைத்தறி பக்கம் நியாயம் உண்டு. கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டுத்தான் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார்.

சரி, எதை வாங்குவது? துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கைத்தறியில் இழை சீராக ஓடும். கல்யாணப் புடவைக்கு அதுதான் பொருத்தம். கதரில் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்திருக்கும், நூற்றவர் விரல் அழுத்தம் அப்படியே தெரியும். தினமும் போடும் சட்டைக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.