பழைய கேம் மெஷினை மாற்றக் கொடுக்கும்முன் இதைப் படித்துவிடுங்கள்

பேராக் பக்கம் வீட்டிலோ கடையின் பின்கட்டிலோ ஆர்கேடு கேபினட், அதாவது காசு போட்டு விளையாடும் பழைய கேம் மெஷின், வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பழைய மெஷின ஆயிரம் கேம் மெஷினா மாத்தித் தர்றோம், வீட்டுக்கே லோரி அனுப்புறோம்" என்று முகநூலில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படி விளம்பரம் போட்ட ஒருவரிடம் எங்கள் மாமாவின் கேபினட்டைக் கொடுத்தோம். பெட்டி திரும்பி வந்தது. பெட்டிக்குள் இருந்த மதிப்புள்ள பொருள் ஒன்றுகூட வரவில்லை. போதாததற்கு, தொட்டால் ஷாக் அடிக்கும் நிலையில் வயர் வேலை செய்து அனுப்பியிருந்தார்கள். விவகாரம் இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல முடியாது. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால், வேறு எவர் இதே வேலையோடு வந்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

மாமா சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் கடையின் ஓரத்தில் கேம் மெஷின்களும் போட்டிருந்தார். மகாத்மா காந்தி கலாசாலை விட்டதும் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். எல்பில், டோவன்பி, ஹீவுட் தோட்டத்துப் பையன்கள் சம்பளம் போட்ட வாரத்தில் மோட்டாரில் வந்து இறங்குவார்கள். தோட்டத்து ஆட்கள் குறையக் குறைய வியாபாரமும் படுத்தது. மற்ற மெஷின்களை விற்றுவிட்டவர், ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அது பிளைவுட்டில் செய்த கேபினட். 25 அங்குல டியூப், அதாவது பழைய டிவியில் இருப்பது போன்ற படக்குழாய். உள்ளே நியோ ஜியோ எம்.வி.எஸ் என்ற சர்க்யூட் போர்டு, கேட்ரிட்ஜ் செருக இரண்டு ஸ்லாட். ஜப்பானின் எஸ்.என்.கே நிறுவனம் 1990-இல் கொண்டுவந்த அமைப்பு அது. மற்ற மெஷின்கள் பலவற்றில் விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் போர்டையே கழற்ற வேண்டும்; இதில் விளையாட்டு பதிந்த கேட்ரிட்ஜை மாற்றிச் செருகினால் போதும். மாமாவிடம் நான்கு கேட்ரிட்ஜ் இருந்தன: கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97, மெட்டல் ஸ்லக், சாமுராய் ஷோடவுன், பந்து விளையாட்டான சூப்பர் சைட்கிக்ஸ். நான்கும் ஓடின. கரண்ட் போட்டால் படம் வரும், சத்தம் வரும். தம்பி அதைக் கைப்பேசியில் படமாகவே எடுத்து வைத்திருக்கிறான்.

பேரப்பிள்ளைகள் பேக்-மேனும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் கேட்டார்கள். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வரும், எல்லோரும் விளையாடட்டும் என்றுதான் மாற்ற நினைத்தோம். விளம்பரக்காரர் ஈப்போ பக்கம் இருந்து வந்து பார்த்தார். பேசியது இதுதான், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் இருக்கிறது: பழைய டியூப் அப்படியே இருக்கும். நியோ ஜியோ போர்டும் உள்ளேயே இருக்கும். பக்கத்தில் பல விளையாட்டுகள் அடங்கிய மல்டி கேம் போர்டு ஒன்று வைத்து, இரண்டுக்கும் நடுவில் மாற்றும் சுவிட்ச் போடுவார்கள். பட்டன், ஸ்டிக் எல்லாம் ஜப்பானின் சான்வா கம்பெனிப் பொருள். மொத்தம் 2,400 வெள்ளி, பாதி முன்பணம். "அண்ணே, நம்ம ஆளுங்ககிட்ட நான் விளையாட மாட்டேன்லா" என்றும் சொன்னார்.

மெஷின் திரும்பி வந்த அன்று வெளியிலிருந்து பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. பக்கத்தில் புது ஸ்டிக்கர், மேலே வண்ண விளக்கு. கரண்ட் போட்டதும் எல்லோர் முகமும் மாறியது. 25 அங்குல டியூப் இருந்த இடத்தில் ஓர் அகல மானிட்டர், சுற்றிலும் கறுப்புப் பெயின்ட் அடித்த பலகை. மானிட்டர் புதிதும் அல்ல. பின்னால் ஏதோ அலுவலகத்தின் சொத்து ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் இருந்தது. அந்தக் காலத்து விளையாட்டெல்லாம் நாலுக்கு மூன்று என்ற அளவில் செய்த படம். அகலத் திரையில் இழுத்துவிட்டால் ஆட்கள் எல்லாம் குட்டையாகப் பருத்துத் தெரிவார்கள். பேக்-மேனின் வட்ட முகமே நசுங்கிப்போயிருந்தது.

பின்கதவைத் திறந்தால் உள்ளே காலி. நியோ ஜியோ போர்டு இல்லை. கேட்ரிட்ஜ் நான்கும் இல்லை. டியூப் இல்லை, அதை ஓட்டும் சேசிஸ் போர்டு இல்லை. டியூபை வீட்டுக் கரண்டிலிருந்து பிரித்துவைக்க அடியில் கனமாக உட்கார்ந்திருந்த ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்துவிட்டார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மல்டி கேம் போர்டும் ஒரு பவர் சப்ளையும் மட்டும் மரத்தில் திருகியிருந்தன.

"3,000 கேம்" என்று ஸ்டிக்கரில் போட்டிருந்தார்கள். தம்பி பொறுமையாகப் பட்டியலை இறக்கிப் பார்த்தான். ஒரே கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் பெயரை மாற்றி மாற்றி வருகிறது. ஜப்பான் பதிப்பு, அமெரிக்கப் பதிப்பு, யாரோ நோண்டிச் சக்தி கூட்டிய பதிப்பு என்று எல்லாவற்றையும் தனித்தனி விளையாட்டாக எண்ணியிருக்கிறார்கள். இந்த வகைப் போர்டுகளில் எண்ணிக்கையை இப்படித்தான் ஏற்றுவார்கள். எண்ணிக்கையைக் காட்டி விலை பேசுகிறவரிடம் அந்த எண்ணைக் காதிலேயே வாங்காதீர்கள். இந்தப் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் விளையாட்டுகளுக்கு அவற்றைச் செய்த நிறுவனங்களின் அனுமதியும் கிடையாது. நிறுவனங்களே உரிமத்தோடு வெளியிடும் பழைய விளையாட்டுத் தொகுப்புகள் கிடைக்கின்றன. ஒரு சின்னக் கம்ப்யூட்டரை உள்ளே வைத்து அவற்றை ஓட்டினால் நேர்மையாகவும் இருக்கும், படமும் நன்றாக வரும்.

பணம் போனதைவிட என்னைப் பதறவைத்தது வேறு. மாமாவின் பேத்தி வெறுங்காலோடு நின்று காசுக் கதவைத் தொட்டவள், "கை ஜிவ்வுனு இழுக்குது" என்றாள். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரிந்தது. எங்கள் தெருவில் உள்ள எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து திறந்து காட்டினார். முன்பு மூன்று கம்பி வயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு இரண்டு கம்பி வயரைப் போட்டு, வெளியே மட்டும் மூன்று முனை பிளக்கை மாட்டியிருக்கிறார்கள். எர்த் எங்கேயும் இல்லை. இப்போதைய பவர் சப்ளைகளுக்குள் இரைச்சலை வடிகட்ட சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். அவை கொஞ்சம் கரண்டை இரும்பு உடம்புக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும். எர்த்தை வெட்டினால் 230 வோல்ட்டில் பாதி அளவு அந்த இரும்பிலேயே நிற்கும். கசிவு சிறியதாக இருப்பதால் சுளீர் என்று இழுப்பதோடு போகிறது. ஆனால் என்றாவது உள்ளே ஒரு லைவ் வயர் உரசித் தேய்ந்து இரும்பைத் தொட்டால், எர்த் இல்லாத பெட்டியில் ஃபியூஸ் போகாது. தொடுகிற ஆள்தான் போவார். சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற பொருளில் இப்படிச் செய்யலாமா? இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். முதலில், "போர்டு பேட்டரி ஒழுகிச் செத்துப்போச்சு அண்ணே, குப்பையில போட்டுட்டோம்" என்றார். எம்.வி.எஸ் போர்டில் பேட்டரி ஒழுகுவது உண்மையில் நடக்கிற விஷயம்தான். 3.6 வோல்ட் பேட்டரியை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், வயதானால் ஒழுகித் தடங்களை அரிக்கும். ஆனால் நேற்று வரை ஓடிய போர்டு லோரியில் ஏறியதும் சாகாது. அரித்திருந்தாலும் பேட்டரியைக் கழற்றிச் சுத்தம் செய்து தடத்தை ஒட்டவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, போர்டு செத்தது என்றே வைத்துக்கொள்வோம், கேட்ரிட்ஜ் நான்கும் எப்படிச் செத்தன? அதற்குப் பதில் இல்லை. டியூப் எங்கே என்றால், "அது வெடிக்கும் அண்ணே, வீட்ல வைக்கக் கூடாது." சான்வா பில்லைக் காட்டுங்கள் என்றால் ஃபோனை வைத்துவிட்டார். பிறகு எங்கள் எண்ணையே தடுத்துவிட்டார்.

இப்போது வேலை என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாததில்தான் அவர்கள் பிழைப்பு இருக்கிறது. 1985-இல் ஜப்பானிய ஆர்கேடு உற்பத்தியாளர் சங்கம் ஜாமா என்று ஓர் இணைப்பு முறையை வகுத்தது. போர்டின் ஓரத்தில் 56 தொடுமுனைகள். கரண்ட், படம், சத்தம், ஸ்டிக், பட்டன் எல்லாம் அந்த ஒரே இணைப்பில் வந்துவிடும். மாமாவின் கேபினட் அந்த முறையில்தான் வயர் செய்தது. மல்டி கேம் போர்டும் அதே இணைப்போடுதான் வருகிறது. பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் விளையாட்டு வந்துவிடும். செருகும்முன் 5 வோல்ட் சரியாக 5 வோல்ட்டாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போர்டு சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. இரண்டு போர்டையும் வைத்துக்கொள்ள ஜாமா சுவிட்ச் என்றே ஒரு பொருள் உண்டு.

கொஞ்சம் கவனம் வேண்டிய இடம் பட்டன்கள். ஜாமா முறையில் ஓர் ஆளுக்கு மூன்று பட்டன். நியோ ஜியோவுக்கு நான்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு வேண்டும், கூடுதல் பட்டன்களுக்குத் தனி வயர் போகும். அதற்காகப் பழைய பேனலில் ஓட்டை போடத் தேவையில்லை. எந்த இரும்புப் பட்டறையிலும் இன்னொரு தகட்டை வெட்டி வாங்கி, பழையதை எடுத்து வைத்துவிடலாம்.

டியூபை மாற்றியே ஆக வேண்டும் என்பது பெரிய பொய். பழைய ஆர்கேடு டியூப் 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலில் ஓடும், கம்ப்யூட்டர் மானிட்டர் 31-இல். மல்டி கேம் போர்டுகளில் பல இரண்டையும் தரும். சின்ன சுவிட்சைத் தள்ளி 15-க்கு வைத்தால் போதும். ராஸ்பெரி பை மாதிரிச் சின்னக் கம்ப்யூட்டரை வைப்பதானால் ஜே-பேக் என்ற இடைப்போர்டு இருக்கிறது, அது டியூபுக்கு ஒவ்வாத சிக்னலைத் தடுத்தும் விடும். டியூபுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. கரண்டை நிறுத்திய பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தெரியாதவர் கை வைக்கவே கூடாது. பல சேசிஸ்களுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் கட்டாயம். அதைக் கழற்றிவிட்டால், பிற்காலத்தில் யாராவது பழைய டியூப் ஒன்றை வாங்கி நேரடியாகக் கரண்டில் மாட்டி உயிரை விடுவார்கள். ஆனால் மூடிய பெட்டிக்குள் சரியாக மாட்டியிருக்கும் டியூப் வெடிகுண்டு இல்லை. நல்ல நிலையில் உள்ள ஆர்கேடு டியூப் இப்போது கடையில் புதிதாகக் கிடைக்காது. அதனால்தான் அவர்களுக்கு அதன்மேல் கண்.

கணக்கைப் பாருங்கள். வேலை ஓர் இணைப்பைச் செருகுவது, அதற்கு 2,400. கூடவே ஒரு போர்டு, நான்கு கேட்ரிட்ஜ், ஒரு டியூப், செம்பு நிறைந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பெட்டியில் வைப்பதைவிடப் பெட்டியிலிருந்து எடுப்பதில்தான் இவர்களுக்குச் சம்பாத்தியம்.

அதனால் யாரிடம் கொடுத்தாலும், லோரி வரும்முன் பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் படம் எடுங்கள். போர்டின் எண், கேட்ரிட்ஜ் எண், டியூபின் பின்னால் ஒட்டிய தாள் எல்லாம் எழுத்து தெரிகிற மாதிரி வர வேண்டும். ஓடுகிற வீடியோவும் வேண்டும். எடுக்கிற பொருள் அனைத்தும் திரும்பத் தரப்படும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் போர்டையும் கேட்ரிட்ஜையும் வீட்டிலேயே கழற்றி வைத்துக்கொண்டு வெறும் கேபினட்டை மட்டும் அனுப்புங்கள். வேலை தெரிந்தவர் ஒரு மாலையில் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து முடித்துவிடுவார். "ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுபோகணும், நீங்க வரக் கூடாது" என்கிறவரை அனுப்பிவிடுங்கள். வந்ததும் முதலில் எர்த்தைப் பாருங்கள், பிறகு பிள்ளைகளை விடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், போலீஸ் ரிப்போர்ட் போட்டுவிட்டு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலேயே பாரத்தை நிரப்பலாம். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் எதிர்த்தரப்பு கட்டுப்படவில்லை என்றால் அது குற்றமாகிவிடும். எழுதத் தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய தாள், படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். எங்கள் வழக்குக்கு அவைதான் உயிர்.

விசாரணைத் தேதி வந்துவிட்டது. புது வயரும் எர்த்தும் போட்டு மெஷினை இப்போதைக்கு ஓட்டுகிறோம். மாமா அதன் பக்கம் போவதில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த நான்கு கேட்ரிட்ஜும் எங்கேயாவது விற்பனைக்கு வரும் என்று நினைக்கிறேன். நான்கிலும் பின்பக்கத்தில் ஊதா மையில் மாமாவின் கடை முத்திரை இருக்கும். அழித்திருந்தாலும் கறை தெரியும். சாமுராய் ஷோடவுன் லேபிளின் இடது மூலை கிழிந்து, டேப் ஒட்டியிருக்கும். போர்டின் உலோகத் தகட்டில் சிவப்பு மார்க்கரில் 2 என்று எழுதியிருக்கும். பார்த்தால் விற்பவரிடம் எதுவும் கேட்காமல், படத்தையும் விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.