செயற்கைக்கோள், விமானம், ட்ரோன்: 12 வருட வரைபட வேலையில் பார்த்தது

வரைபட வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "ரெசல்யூஷன் எவ்வளவு?" என்றுதான். 12 வருடத்துக்கு முன்பு நானும் அதையேதான் கேட்டேன். இப்போது ஒரு படமோ உயர மாதிரியோ (தரையின் மேடு பள்ளத்தை எண்களாகத் தரும் கோப்பு) கைக்கு வந்தால், "செக் பாயிண்ட் எத்தனை, எங்கெங்கே எடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். செக் பாயிண்ட் என்பது தரையில் தனியே அளந்து வைத்து, படத்தைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தும் புள்ளி. படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது ஒரு விஷயம், படத்தில் இருப்பது சரியான இடத்திலும் உயரத்திலும் இருக்கிறதா என்பது இன்னொரு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

ட்ரோனில் ஆரம்பிக்கிறேன். சமதளமான ஒரு பெரிய நிலத்துக்கு வடிகால் திட்டம் போட வேண்டும், உயர மாதிரி கொடுங்கள் என்றார்கள். என்னிடம் இருந்தது 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல் கேமரா. அதில் 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. நிலத்தின் ஓரத்தில் சுற்றி ஆறு கண்ட்ரோல் பாயிண்ட் (இடமும் உயரமும் அளந்து மென்பொருளுக்குக் கொடுக்கும் தரைப் புள்ளி) வைத்துப் பறந்தேன். மென்பொருள் அறிக்கையில் பிழை 2 செ.மீ.க்குள் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் அந்தப் புள்ளிகளில் தரையில் விரித்த அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. திருப்தியாக அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து வடிகால் வடிவமைப்பவர் கூப்பிட்டார். "சார், தண்ணீர் நடுவிலிருந்து நாலா பக்கமும் ஓடுகிற மாதிரி வருகிறது. அங்கே மேடே கிடையாதே?" செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தையும் உயரத்தையும் அளக்கும் ஜிஎன்எஸ்எஸ் கருவியை எடுத்துக்கொண்டு போய் நடுவில் பத்து இடங்களில் அளந்தேன். என் மாதிரி நிஜத் தரையை விடக் கிட்டத்தட்ட 30 செ.மீ. உயரத்தில் இருந்தது. ஓரத்துக்கு வர வர அது குறைந்து, கண்ட்ரோல் பாயிண்ட் இருந்த இடங்களில் இல்லாமலே போனது. தட்டையான நிலத்தைக் கவிழ்த்த தட்டு மாதிரி ஆக்கி வைத்திருந்தேன்.

காரணம் இதுதான். எல்லாப் படங்களும் நேர் கீழே பார்த்தபடி, ஒரே உயரத்தில், இணையான கோடுகளில் எடுத்தவை. லென்ஸின் வளைவுப் பிழையை மென்பொருள் அந்தப் படங்களை வைத்தே கணக்கிடுகிறது. எல்லாமே ஒரே கோணத்தில் இருந்தால், லென்ஸின் சின்னப் பிழையும் நிலத்தின் மெல்லிய வளைவும் அதற்கு ஒன்று போலவே தெரியும். மீந்த பிழை நிலத்தின் மேல் மேடாக ஏறிவிடுகிறது. ஓரத்துப் புள்ளிகள் ஓரத்தைத் தரையோடு பிடித்து வைத்தன, நடுவைப் பிடிக்க எதுவும் இல்லை. அதன் பிறகு நான் எந்த வேலையிலும் குறுக்குக் கோடுகள் சில பறக்காமல், கேமராவை 20 டிகிரி வரை சாய்த்து ஒரு சுற்று எடுக்காமல், நடுவிலும் புள்ளி வைக்காமல் திரும்புவதில்லை.

அதை விட முக்கியமான பாடம் அந்த 2 செ.மீ. அறிக்கை. கண்ட்ரோல் பாயிண்டில் காட்டும் பிழை, மாணவனிடம் விடையைக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைத் தேர்வில் கேட்ட மாதிரி. மென்பொருளுக்குச் சொல்லாமல் தனியே வைத்த செக் பாயிண்டுகளில் வரும் பிழைதான் நிஜமான பிழை. அமெரிக்காவின் ஏஎஸ்பிஆர்எஸ் என்ற வரைபட, தொலையுணர்வுத் துறைச் சங்கம் 2014-இல் வெளியிட்ட துல்லியத் தரநிலை குறைந்தது 20 செக் பாயிண்ட் கேட்டது. 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை 30 ஆக்கியது. சின்ன வேலைக்கு 30 புள்ளி எடுப்பது சுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்து புள்ளியை வைத்துக்கொண்டு துல்லியம் இவ்வளவு என்று அடித்துச் சொல்ல இப்போது எனக்கு மனம் வருவதில்லை.

விமானத்திலிருந்து எடுத்த லைடார் (லேசர் துடிப்பை அனுப்பித் தூரம் அளக்கும் முறை) தரவைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். மரம் அடர்ந்த மலைச்சரிவில் கேமரா இலையைத்தான் பார்க்கும். லேசர் துடிப்பு இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியே இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்பும். ஒரே துடிப்பிலிருந்து உச்சிக் கிளை, நடுக்கிளை, தரை என்று பல எதிரொலிகள் கிடைக்கும். முதல்முறை மரங்களை நீக்கிவிட்டு வெறும் தரையை நிழலிட்டுப் பார்த்தபோது, நடந்து போய்ப் பார்த்தும் என் கண்ணில் படாத பழைய நடைபாதை ஒன்று சரிவில் கோடாக ஓடியது. அன்றைக்கு இரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் லைடாரிலும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சதுர மீட்டருக்கு 12 புள்ளி என்று எழுதியிருக்கும். அது மொத்தப் புள்ளிகளின் கணக்கு. அடர்ந்த புதருக்குக் கீழே, தரை என்று வகைப்படுத்தியவை சதுர மீட்டருக்கு ஒன்றுகூட இல்லாத இடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியை மென்பொருள் முக்கோணங்களால் நிரப்பிவிடும், பார்க்க மழமழவென்று அழகாகத்தான் இருக்கும். அதனால் நான் உயர மாதிரியைத் திறப்பதற்கு முன்பு தரைப் புள்ளிகளின் அடர்த்தியை மட்டும் தனிப் படமாகப் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்துப் பக்கத்துப் பறப்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் சாலை மேற்பரப்பு ஒட்டுகிறதா என்பது அடுத்த சோதனை. நீர்நிலை இருந்தால் இன்னொன்று: நிலத்துக்கு வழக்கமாகப் பயன்படும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். ஏரியின் அடித்தளம் வேண்டுமென்றால் 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேண்டும், தண்ணீரும் தெளிவாக இருக்க வேண்டும்.

அப்புறம் செயற்கைக்கோள். 2014-இல் ஏவிய வேர்ல்டுவியூ-3 மாதிரியானவை 31 செ.மீ. பிக்சல் தருகின்றன. அதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் 31 செ.மீ. துல்லியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தரையில் கண்ட்ரோல் பாயிண்ட் இல்லாவிட்டால் இடப் பிழை சில மீட்டர் வரை போகலாம். உயரமான கட்டடங்கள் வேறு சாய்ந்து நிற்கும். படம் செங்குத்திலிருந்து 25 டிகிரி சாய்வில் எடுத்ததாக இருந்தால், 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் கூரை அதன் அடியிலிருந்து 14 மீட்டர் தள்ளித் தெரியும். ஆரம்பத்தில் கூரையைச் சுற்றிக் கோடு வரைந்து, கட்டடங்கள் எல்லாம் தெருவில் போய் உட்கார்ந்ததைப் பார்த்துத் திரும்ப வரைந்திருக்கிறேன். இப்போது படம் வாங்கும்போதே சாய்வுக் கோணத்துக்கு வரம்பு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இலவசமாகக் கிடைப்பவற்றில்தான் என் வேலையின் பெரும்பகுதி நடக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972-இலிருந்து படம் எடுக்கிறது. 2008-இல் அந்தக் காப்பகத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய கொடை என்று மனதார நம்புகிறேன். 2015-இல் ஐரோப்பாவின் சென்டினல்-2ஏ செயற்கைக்கோள், 2017-இல் 2பி வந்ததும் 10 மீட்டர் பிக்சலில் 5 நாளுக்கு ஒரு படம் என்றானது. பயிர் வளர்ச்சி, நிலப் பயன்பாட்டு மாற்றம் எல்லாவற்றுக்கும் இதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

அதிலும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். பல வருடத் தாவரக் குறியீட்டு (அகச்சிவப்பு, சிவப்பு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது, பசுமையைக் காட்டும்) வரைபு ஒன்றில், 2022 ஜனவரி கடைசியில் பசுமை திடீரென்று சரிந்தது. வறட்சியா, தீயா என்று இரண்டு நாள் தேடினேன். அந்த ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவின் செயலாக்கப் பதிப்பு மாறி, எல்லா எண்களோடும் 1000 கூட்டித் தரப்பட்டது. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அகச்சிவப்பு 3000, சிவப்பு 500 என்று வைத்துக்கொண்டால் குறியீடு 0.71 வர வேண்டும். கழிக்காமல் 4000, 1500 என்று போட்டால் 0.45 வரும். செழிப்பான வயல் காய்ந்த வயலாகிவிடும். தரவோடு வரும் விவரக் கோப்பில் இது தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் அதைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

மேகம் விலகாத மாதங்களில், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் கை கொடுக்கும். வெள்ளத்துக்கு இதைப் போல வேறெதுவும் இல்லை. அமைதியான தண்ணீர் கறுப்பாகத் தெரியும். காற்று அடித்து அலை எழுந்தால் அதே தண்ணீர் வெளுத்துப் போய்த் தரையோடு கலந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் இரண்டு சென்டினல்-1 செயற்கைக்கோள்களில் ஒன்றான 1பி பழுதாகி நின்றபோது 6 நாள் இடைவெளி 12 நாளானது. ஒரே மூலத்தை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கடைசியாக உயரம். ஜிஎன்எஸ்எஸ் கருவி நேரடியாகத் தருவது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமிக்குக் கணிதமாக வைத்த வழவழப்பான நீள்வட்ட உருவத்திலிருந்து அளந்த உயரம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல, ஈர்ப்பு விசையைச் சார்ந்த கடல் மட்டப் பரப்பான ஜியாய்டிலிருந்து அளந்த உயரம் வேண்டும். இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் இரண்டுக்கும் 100 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அவ்வளவு பெரிய பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும். ஆபத்து சின்னப் பிழையில் இருக்கிறது. 2000-இல் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயர மாதிரி இஜிஎம்96 என்ற ஜியாய்டை அடிப்படையாகக் கொண்டது, கோப்பர்நிகஸ் உயர மாதிரி இஜிஎம்2008-ஐ. இரண்டையும் அப்படியே கழித்து "நிலம் தாழ்ந்திருக்கிறது" என்று முடிவு செய்த அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. தாழ்ந்ததாகச் சொன்ன அளவில் ஒரு பகுதி இரண்டு ஜியாய்டுகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாற்றத்தைப் பின்தொடர இலவசச் செயற்கைக்கோள் போதும். மரத்துக்குக் கீழே தரை வேண்டுமென்றால் லைடாருக்குக் காத்திருங்கள். ஒரு நாளில் பறந்து முடிக்கக்கூடிய நிலத்துக்கு ட்ரோன். இன்னும் நல்ல கேமரா வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தால், அதில் ஒரு பங்கை எடுத்து முதலில் நல்ல ஜிஎன்எஸ்எஸ் கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள்.