ஆம்புலன்ஸில் ஏறுவதா, முதலுதவி கற்றுக்கொடுப்பதா?

வெளிநாட்டு அவசர மருத்துவ சேவைக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஓடுகிற ஆம்புலன்ஸில் குழுவோடு ஏறிக்கொள்ளலாம். அல்லது உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகலாம். பழைய வண்டி வாங்கி அனுப்புவது மூன்றாவது வழி, அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் வழிக்குப் பெயர்போனது இஸ்ரேலின் மாகென் டேவிட் ஆடோம். 1930-இல் தொடங்கிய இந்தச் சேவை பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பியே ஓடுகிறது. வெளிநாட்டு இளைஞர்களுக்கும் 60 மணி நேரப் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். இது அங்கே பலன் தருவதற்குக் காரணம் எளிது: வந்தவர் இல்லாவிட்டாலும் அந்த வண்டி ஓடும். கட்டுப்பாட்டு அறை இருக்கிறது, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்கவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்துகிறவர் களைத்துப்போகும்போது கை மாற்றிக்கொள்ளவும் புதியவர் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால்தான் அழுத்தத்தின் ஆழம் குறையாமல் இருக்கும், அதனால் அந்தக் கூடுதல் கை வீணாவதில்லை.

அப்படிக் கட்டமைப்பு இல்லாத நாட்டில் இதே வேலை தலைகீழாகிவிடும். முதல் சிக்கல் மொழி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் 'குத்துது' என்கிறாரா, 'அடைக்குது' என்கிறாரா, 'எரியுது' என்கிறாரா என்பதைப் பொறுத்து யோசனையே மாறும். அந்தச் சொல் புரியாதவர் அருகில் நின்றால், இருக்கிற ஒரே உள்ளூர்ப் பணியாளர் நோயாளியைக் கவனிப்பதை விட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்.

என் மனம் பயிற்சியின் பக்கம்தான் சாய்கிறது. கானாவில் வாகன ஓட்டுநர்கள் 335 பேருக்கு வெறும் 6 மணி நேர முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களில் 71 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, 61 சதவீதம் பேர் யாருக்காவது முதலுதவி செய்திருந்தார்கள். சாலையில் அடிபட்டவரை அங்கே பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போவது டாக்ஸி, பஸ் போன்ற வாடகை வண்டிகள்தான் என்பதால், ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி.

இதைவிடப் பெரிய சான்று வடக்கு ஈராக்கிலும் கம்போடியாவிலும் கிடைத்தது. 1997 முதல் 2001 வரை நார்வே மருத்துவர்கள் பங்கேற்ற ஒரு திட்டத்தில் 135 உள்ளூர் மருத்துவ உதவியாளர்களும் சுமார் 5,200 கிராமத்தினரும் பயிற்சி பெற்றார்கள். காயம்பட்டவர்களில் இறப்பவர்களின் விகிதம் 40 சதவீதத்திலிருந்து 14.9-க்கு இறங்கியது. கிராமத்தினர் கற்றது பெரிய வித்தையல்ல. இரத்தம் பீறிடும் காயத்துக்குள் துணியைத் திணித்து, இரண்டு உள்ளங்கையாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்துவது. நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருப்பது. கண்ணிவெடியில் கால் போனவருக்கு, மணிக்கணக்கான தூரத்தில் இருக்கும் மருத்துவமனையை விடப் பக்கத்து வயலில் இருந்தவரின் அந்தக் கைதான் உயிர்.

பயிற்சியிலும் வீண் முயற்சிகள் உண்டு. மூன்று நாள் வகுப்பு, சான்றிதழ், குழுப் புகைப்படம், அதோடு சரி என்று போகிறவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பழகாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பாடத்திட்டம் உள்ளூர்ப் பயிற்றுநர்களை உருவாக்குவதற்கும் வழி வைத்திருப்பது அதனால்தான் முக்கியம். நேபாளத்தில் 2011-இல் 102 என்ற எண்ணோடு ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் பயிற்சிக்குத்தான் துணை நின்றார்கள். வண்டியில் ஏறியவர்கள் நேபாளிகளே.

வண்டி அனுப்புவது? உதிரி பாகமும் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் உறுதியானால் அனுப்பலாம். இல்லையென்றால் அது சீக்கிரமே மருத்துவமனை வாசலில் துருப்பிடிக்கும்.

இருபது வயதில் இரண்டு மாத விடுமுறையும் கற்கும் ஆசையும் இருப்பவர், கட்டமைப்புள்ள நாட்டில் ஆம்புலன்ஸில் ஏறட்டும். அனுபவமுள்ள செவிலியரோ பாராமெடிக்கோ பயிற்சிக்குப் போகட்டும், அதுவும் ஒரே இடத்துக்கு வருடா வருடம். டிக்கெட் எடுக்குமுன் அழைக்கும் அமைப்பிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன வருடம் உங்களிடம் கற்றவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் கற்றுக்கொடுக்கிறார்கள்?