வெட்டரன் டாக்ஸ் கிரெடிட் வாங்கித் தர்றேன்னு எவனாவது வந்தா பணம் கட்றதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

அமெரிக்கால சின்னதா பிசினஸ் வச்சிருக்கிற நம்மாளுங்களுக்காக எழுதுறேன். எனக்கு கையிலேர்ந்து போனது 750 டாலர், வரவேண்டியது வராம போனது 5,600 டாலர்.

சின்ன வேர்ஹவுஸ் ஒண்ணு நடத்துறேன். 2024 மார்ச் 4ஆம் தேதி ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒருத்தர் சேர்ந்தார், ஆர்மில இருந்தவர், அதான் வெட்டரன், அதுக்கு முன்னாடி ஏழு மாசம் வேலை இல்லாம இருந்திருக்கார். இந்த மாதிரி ஆள எடுத்தா நாம கட்ற ஃபெடரல் டாக்ஸ்ல ஒரு தொகைய கழிச்சுக்கலாம், அதான் கிரெடிட், டபிள்யூஓடிசினு (வொர்க் ஆப்பர்ச்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட்) பேரு. ஆள் சேர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு கன்சல்டன்ட் வந்து, வெட்டரன்னாலே 9,600 டாலர் சார், 750 அட்வான்ஸ், மீதி ஃபீஸா கிரெடிட்ல 15 பர்சென்ட்னு சொன்னான், நானும் கட்டிட்டேன்.

முதல் பொய் அங்கயே. 9,600 எல்லாருக்கும் கிடையாது. சர்வீஸ்ல வந்த ஊனத்துக்கு விஏ, அதான் முன்னாள் வீரர்களுக்கான அரசுத் துறை, அதுகிட்ட காம்பன்சேஷன் வாங்குறவரா இருக்கணும், கூடவே முந்தின ஒரு வருஷத்துல ஆறு மாசமாவது வேலை இல்லாம இருந்திருக்கணும். ஊனம் இல்லாம ஆறு மாசம் சும்மா இருந்தவர்னா முதல் 14,000 டாலர் சம்பளத்துல 40 பர்சென்ட், அதான் 5,600. அதுவும் ஆள் 400 மணி நேரம் வேலை பாத்திருக்கணும், 120க்கு மேல 400க்குள்ளன்னா 25 பர்சென்ட்தான்.

ரெண்டாவதுதான் என்னைக் கவுத்தது. ஃபார்ம் 8850னு ஒண்ணு இருக்கு, ரெண்டே பக்கம். முதல் பக்கத்த வேலைக்கு வர்றவர் ஆஃபர் குடுக்கிற அன்னிக்கோ அதுக்கு முன்னாடியோ நிரப்பணும், அப்புறம் ஆள் வேலைய ஆரம்பிச்ச 28 நாளுக்குள்ள ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ் ஏஜென்சிக்கு (மாநில வேலைவாய்ப்பு ஆபீஸ்) அனுப்பிடணும். இத அவன் வாயத் திறந்து சொல்லவே இல்ல, ஆள் முதல்ல செட் ஆகட்டும் சார் அவசரமே இல்லனுட்டான். ஏப்ரல் 18ஆம் தேதி ஃபார்ம மெயில்ல அனுப்பி, தேதி மட்டும் மார்ச் 1னு போட்டு கையெழுத்து வாங்கிடுங்கன்றான்!

நானும் புத்தி கெட்டுப் போய் அந்தப் பேப்பர எடுத்துட்டு ஃபோர்க்லிஃப்ட் கிட்ட போனேன். அவர் வண்டிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடி போட்டு நிதானமா முழுசும் படிச்சார், கையெழுத்துக்கு மேல பெர்ஜுரினு, அதான் பொய்க் கையெழுத்து போட்டா குற்றம்னு இருக்கிற வரில விரல வச்சு, இன்னிக்கு தேதின்னா போடுறேன், மார்ச் 1 போட மாட்டேன்னு சொன்னார். எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னே தெரியல. அன்னிக்குத் தேதியே போட்டுக் குடுத்தார், அனுப்பினோம், லேட்டுனு டினையல் லெட்டர் வந்துச்சு.

இந்த 8850 ஃபார்ம் ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) சைட்லயே ஃப்ரீயா கிடைக்குது, கூட 9061னு இன்னொரு ஃபார்ம், வேலைக்கு வர்றவரோட டிடி-214 (ஆர்மிலேர்ந்து வெளிய வரும்போது குடுக்கிற பேப்பர்) காப்பி, அவ்ளோதான், பத்து நிமிஷ வேலை, இதுக்கா ஏஜென்ட்! ஆளுக்கு வேலை அப்ளிகேஷன் குடுக்கும்போதே 8850யும் சேத்துக் குடுத்துடுங்க. சொந்தக்காரங்களுக்கும், ஏற்கனவே உங்ககிட்ட வேலை பாத்துட்டு திரும்ப வர்றவங்களுக்கும் இது செல்லாது. நான் சொல்ற சட்டம் 2025 டிசம்பர் 31 வரைக்கும் வேலைய ஆரம்பிச்சவங்களுக்கு, அதுக்கப்புறம் எடுத்த ஆளுன்னா நீட்டிச்சிருக்காங்களானு பாத்துட்டு இறங்குங்க.

750ஐ திருப்பிக் கேட்டேன். ப்ராசசிங் ஃபீ, ரீஃபண்ட் கிடையாதுனு ஒரே வரில பதில். மெயிலுக்கு அடியில கொடி படம் போட்டு, முன்னாள் வீரர்களுக்கு ஆதரவு தர்றதுக்கு நன்றியாம்.