பழைய எழுத்துருவா, யூனிகோடா?

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் வருவதுண்டு. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். பழைய 8 பிட் எழுத்துருவில் மொத்தம் 256 எண்தான். அதனால் ஒரே எண் தமிழ் எழுத்துருவில் ஒன்றாகவும் மலையாள எழுத்துருவில் வேறாகவும் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயரே கிறுக்கலாகிவிடும். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை. அதில் தமிழ் ‘க’ 2965, மலையாள ‘க’ 3349. எங்கே திறந்தாலும் இந்த எண் மாறாது.

கோப்பு பிடிக்கும் இடத்தைப் பார்த்தால் பழையதுதான் சிக்கனம். ‘கொ’ அதில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் 3 பைட் (சேமிப்பிடத்தின் அலகு). யூனிகோடு எண்களைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி, மொத்தம் 6 பைட். சரி, இன்றைய வட்டில் அது ஒரு பொருட்டா? யூனிகோடுதான் என் பக்கம். பழைய கோப்பு வைத்திருக்கும் அச்சகத்தார், எழுத்துரு கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.