நடுநடை லாயமா, ஒற்றை வரிசை லாயமா?

மலேசியாவின் சிலாங்கூரில், ரவாங், உலு லங்காட் பக்கம் பத்துக் குதிரைக்கு லாயம் கட்டப் போனால், பெரும்பாலும் இரண்டு வரைபடம் வரும். ஒன்றில் நடுவே 12 அடி நடை, இருபுறமும் ஐந்தைந்து கொட்டடி. இன்னொன்றில் பத்தும் ஒரே வரிசை, முன்னால் அகலமான தாழ்வாரம். இரண்டிலும் கொட்டடி 12க்கு 12 அடி, கதவு 4 அடி அகலம்.

செலவில் நடுநடைதான் மலிவு. பக்கத்துக்கு 4 அடி இறவானம் விட்டாலும் கூரை 60க்கு 44, அதாவது 2,640 சதுர அடி. ஒற்றை வரிசைக்கு முன்னால் 10, பின்னால் 4 அடி சேர்த்தால் 3,120 ஆகிவிடும். குழாயும் வயரும் நீளும். சாணம் அள்ளுபவருக்கும் நடை கூடும்.

ஆனாலும் எங்கள் ஓட்டு ஒற்றை வரிசைக்கே. காரணம் காற்று. முகட்டில் திறப்பு வைத்தால் சூடு தானாக வெளியேறும் என்பார்கள். குளிர்நாட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம், அதனால் அது நடக்கும். இங்கே மதியம் வெளியிலேயே 32, 33 டிகிரி, சூட்டை மேலே இழுக்கும் இழுவை அவ்வளவாக இருக்காது. காற்று குறுக்கே ஓடியாக வேண்டும். நடுநடையில் அது இரண்டு கொட்டடியையும் நடையையும் தாண்ட வேண்டியிருப்பதால் பாதியிலேயே செத்துவிடும். மூத்திர நெடி தரையோடு தங்கி, படுத்திருக்கும் குதிரையின் மூக்கில்தான் ஏறும். ஒற்றை வரிசையில் முன்னால் கம்பிக் கதவும் பின்சுவரில் ஜன்னலும் போதும். இந்தப் புழுக்கத்தில் வியர்வையே நின்றுபோகும் குதிரைகள் உண்டு. அவற்றை அடைபட்ட இடத்தில் கட்டவே கூடாது.

தீப்பிடித்தாலும் அப்படித்தான். ஒற்றை வரிசையில் ஒவ்வொரு கதவும் நேராக வெளியே திறக்கும். நடுநடையிலோ புகை முதலில் நிறைவது தப்பிக்கும் வழியில்தான்.

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். மதியச் சூரியன் இங்கே எப்போதும் உச்சிக்குப் பக்கம்தான். சுடுவது காலை, மாலை வெயில். அது பெரும்பாலும் குறுகிய பக்கச் சுவர்களில்தான் படும். விடியற்காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் சுமத்ரா காற்றுமழையையும் அவற்றில் மேற்குச் சுவர் தாங்கும். அதை முழுச் செங்கல்லாகக் கட்டுங்கள்.

நிலம் குறுகலாக இருந்து நடுநடைதான் வழி என்றால், கொட்டடிச் சுவரை நாலரை அடியோடு நிறுத்தி மேலே கம்பி வையுங்கள். வைக்கோலுக்குத் தனிக் கொட்டகை வேண்டும். ஃபேன் மோட்டார் முழுக்க மூடியதாக இருக்க வேண்டும்; வீட்டு ஃபேனில் தூசி ஏறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம்.